திறந்த உலகில் சொந்த விதிகள்: வாசகர் கேள்வி – பதில்

பரந்த நிலப்பரப்பில் விருப்பம்போல் அலைந்து, ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து ஆடும் கணினி விளையாட்டுகளில் உங்களுக்கென்று இருக்கும் விசித்திரமான பழக்கங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கொலை, கொள்ளையெல்லாம் கூச்சமின்றி எழுதியவர்கள்கூட, பாலாடைக்கட்டி சேகரிப்பதைச் சொல்லும்போது மட்டும் “பெயரைப் போட்டுவிடாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கேள்விகள் மட்டும் இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: ஸ்கைரிமில் நான் ஃபாஸ்ட் டிராவலை, அதாவது வரைபடத்தைத் தொட்டு நொடியில் இடம் மாறும் வசதியை, தொடுவதே இல்லை. ஊருக்குள் நுழைந்தால் ஓடுவதும் இல்லை, நடக்கிறேன். இருட்டிவிட்டால் விடுதியில் அறை எடுத்துத் தூங்குகிறேன். இதைப் பார்த்து என் தம்பி தலையில் அடித்துக்கொள்கிறான். நான் நேரத்தை வீணடிக்கிறேனா?

பதில்: தலையில் அடித்துக்கொள்வதற்கு முன் தம்பி ஸ்கைரிம் இடம்பெறும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் பழைய பாகங்களைக் கொஞ்சம் பார்க்கட்டும். 2002-இல் வந்த மாரோவிண்டில், வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டவுடன் அங்கே போய் நிற்கும் வசதி கிடையாது. சில்ட் ஸ்ட்ரைடர் என்னும் ராட்சதப் பூச்சியின் மீதேறியோ, படகிலோ, மந்திரவாதிகள் சங்கத்தின் உதவியாலோ குறிப்பிட்ட சில ஊர்களுக்குப் போகலாம். மற்ற இடங்களுக்கெல்லாம் நடைதான். எங்கே போக வேண்டும் என்பதை அம்புக்குறியும் காட்டாது. இந்த ஆற்றைக் கடந்து, அந்த மேட்டில் வடக்கே திரும்பு என்கிற பாணியில் பாத்திரங்கள் சொல்லும் வழியை நாட்குறிப்பில் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் போக வேண்டும். அடுத்து 2006-இல் வந்த ஆப்லிவியன் பெரிய நகரங்கள் அனைத்துக்கும் முதல் நாளிலிருந்தே நொடியில் சென்று சேரும் வசதியையும், திசைகாட்டியில் இலக்கைக் காட்டும் குறியையும் கொண்டுவந்தது. 2011-இல் ஸ்கைரிம் பாதி வழி திரும்பி வந்தது: நாம் ஏற்கெனவே கால்பதித்த இடங்களுக்கு மட்டுமே நொடிப் பயணம், பெரிய நகரங்களின் வாயிலில் நிற்கும் குதிரை வண்டிக்குக் காசு கொடுத்தால் ஒன்பது தலைநகரங்களில் எதற்கு வேண்டுமானாலும் போகலாம். நீங்கள் அந்த வண்டிக்காரரிடம் காசு கொடுத்து ஏறுகிறீர்கள் என்றால், ஆட்டத்திற்குள்ளேயே இருக்கும் போக்குவரத்தை முறைப்படி பயன்படுத்துகிறீர்கள் என்றுதான் பொருள்.

நடப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் காட்சிகளும் அங்கே நிறைய உண்டு. ஸ்கைரிமின் பாதைகளில் ஆங்காங்கே மறைவான புள்ளிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. நாம் அவற்றை நெருங்கும்போதுதான் ஏதாவது ஒரு வழிச் சம்பவம் பிறக்கும். இரவு நேரத்தில் தலையில்லாத குதிரைவீரன் ஒருவன் மங்கலாக ஒளிர்ந்தபடி உங்களைக் கடந்து போவான். அவன் பின்னாலேயே ஓடினால் ஹாம்விர்ஸ் ரெஸ்ட் என்னும் பழைய இடுகாட்டில் கொண்டுபோய் விடுவான். எந்த குவெஸ்டும் (ஆட்டம் நமக்குத் தரும் பணி) அவனைத் தேடச் சொல்வதில்லை. வரைபடத்தைத் தொட்டே காலம் தள்ளும் உங்கள் தம்பி அவனைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. இந்த உற்சாகத்தில் திசைகாட்டிக் குறியையும் சேர்த்து அணைத்துவிடாதீர்கள். குறி இருக்கிறது என்ற தைரியத்தில் ஸ்கைரிமின் குவெஸ்ட் வசனங்கள் பலவற்றில் வழியே சொல்லப்படுவதில்லை. ஒரு குகையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பனிமலையைச் சுற்றிச் சுற்றி வர நேரிடும். குறியில்லாமல் ஆடும் ஆசை இருந்தால், அதற்கென்றே வசனம் எழுதப்பட்ட விளையாட்டுகள் இருக்கின்றன. 2018-இல் வந்த அசாசின்ஸ் கிரீட் ஒடிசியின் தேடல் முறையில், எந்த மாகாணம், எந்தக் குன்றுக்குக் கிழக்கே என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, கண்டுபிடிக்கும் வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். 2020-இல் வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் காற்று வீசும் திசைதான் வழிகாட்டி.

உங்கள் பழக்கத்தை இன்னும் கடுமையாக்கிக்கொள்ள விரும்பினால், ஸ்கைரிமுக்கு 2017-இல் வந்த சர்வைவல் முறை நொடிப் பயணத்தை அடைத்துவிட்டு, பசி, களைப்பு, குளிர் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும். அதில் தூங்கி எழுந்தால்தான் லெவல் ஏறும் என்பதால், விடுதி அறைக்கு நீங்கள் கொடுக்கும் காசு வீண்போகாது.

கேள்வி: நல்ல மருந்துப் புட்டிகளை “பெரிய சண்டைக்கு ஆகும்” என்று சேர்த்துவைத்து, ஆட்டம் முடியும்போது மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறேன். எல்லா விளையாட்டிலும் இப்படித்தான். எனக்கு மட்டும்தானா?

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை, இந்தத் தபாலில் அதிகம் வந்த கேள்வியே இதுதான். கிடைக்கும் லாபம் தரும் மகிழ்ச்சியைவிட, அதே அளவு இழப்பு தரும் வலி மனிதர்களுக்குப் பெரிதாகப் படுகிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். கையிலிருக்கும் புட்டியைத் திறப்பது உறுதியான இழப்பு. அதனால் கிடைக்கும் பயனோ, “ஒருவேளை புட்டி இல்லாமலும் ஜெயித்திருப்பேனோ” என்ற சந்தேகத்தோடே வருகிறது. அடுத்த அறையில் இருப்பது சாதாரண ஓநாயா, கடைசி அரக்கனா என்பதும் நமக்குத் தெரியாது. இந்த நிலையில் புட்டியை மூடியே வைத்திருப்பதைத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது.

விளையாட்டை உருவாக்குபவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஸ்கைரிமில் தொடக்கத்தில் 300 அலகு எடைதான் சுமக்கலாம். மருந்துப் புட்டி ஒன்றுக்கு அரை அலகு. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸின் ஹார்டுகோர் முறையில் துப்பாக்கிக் குண்டுக்குக்கூட எடை உண்டு. 2017-இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்ட் ஒரே போடாகப் போட்டு, பெரும்பாலான ஆயுதங்களை அடிக்க அடிக்க உடையும்படி செய்துவிட்டது. அதிலும் நல்ல வாளைப் பத்திரப்படுத்திவிட்டு மரக்கிளையால் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

என் யோசனை எளியது. ஒவ்வொரு வகையிலும் ஐந்து புட்டிகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆறாவது கையில் வந்ததும் ஒன்றைக் குடித்தே தீர வேண்டும், விற்கக் கூடாது. விற்க அனுமதித்தால் நாளடைவில் புட்டிக்குப் பதிலாகத் தங்கக் காசைச் சேர்க்கத் தொடங்குவீர்கள். ஸ்கைரிமில் தங்கத்துக்கு எடை கிடையாது என்பதால் அந்த நோய்க்கு எல்லையே இல்லை.

கேள்வி: சண்டைகளைவிட எனக்கு வீடுதான் முக்கியம். ஸ்கைரிமில் வாங்கிய வீட்டில் மேசைமேல் ரொட்டி, கோப்பை, புத்தகம் எல்லாவற்றையும் அழகாக அடுக்குகிறேன். வெளியே போய்த் திரும்பினால் பாதிப் பொருள்கள் தரையில் கிடக்கின்றன. சில சமயம் நான் வைத்தவை காணாமலே போகின்றன. இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எரிச்சல் குறையும். பெரும்பாலான விளையாட்டுகளில் மேசைமேல் இருக்கும் கோப்பை வெறும் ஓவியம். ஸ்கைரிமை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனத்தின் விளையாட்டுகளில் அது எடையும் விலையும் உள்ள தனிப்பொருள். நீங்கள் அதைத் தொட்டு நகர்த்தினால், நகர்த்திய இடத்தை சேவ் கோப்பு (ஆட்டத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் கோப்பு) நினைவில் வைத்துக்கொள்கிறது. உங்கள் பழக்கம் சாத்தியமாவதே இதனால்தான். இதற்கு விலையும் உண்டு. 2011-இல் ப்ளேஸ்டேஷன் 3 கருவியில் ஆடியவர்களின் சேவ் கோப்பு வளர வளர ஆட்டமே தடுமாறியது பலருக்கு நினைவிருக்கும்.

நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது அறையிலுள்ள ஒவ்வொரு பொருளும் மீண்டும் அதனதன் இடத்தில் வைக்கப்பட்டு, இயற்பியல் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் கோப்பையின் அடிப்பாகம் மேசைப் பலகைக்குள் இம்மியளவு புதைந்திருந்தால், இரண்டு திடப்பொருள்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்று கணக்கு அதை வெளியே உந்தித் தள்ளும். கோப்பை துள்ளி ரொட்டியில் மோதும், ரொட்டி புத்தகத்தைத் தள்ளும். கதவைத் திறந்த நீங்கள் பார்ப்பது இந்தக் கலவரத்தின் மிச்சம்.

பழகியவர்கள் கடைப்பிடிக்கும் முறை இது. அடுக்க வேண்டிய பொருள்களை முதலில் தரையில் போட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியே போய் மீண்டும் உள்ளே வாருங்கள். அதன்பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி, மேசைக்குச் சற்று மேலே பிடித்து, தானாக இறங்கும்படி மெதுவாக விடுங்கள், அழுத்தாதீர்கள். மேசையில் முன்பே இருக்கும் தட்டுகளை முதலிலேயே அகற்றிவிடுவது நல்லது. புத்தகங்களை அலமாரியில் கையால் அடுக்க வேண்டாம். அலமாரியைத் திறந்து உள்ளே போட்டால் ஆட்டமே அடுக்கிக்கொள்ளும். உங்களோடு வரும் துணைப் பாத்திரத்தை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். அவர் மேசைக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்தால் அன்றைய உழைப்பு முழுவதும் போயிற்று.

காணாமல் போகும் பொருள்கள் பெரும்பாலும் வேறு காரணத்தால் போகின்றன. சொந்தமல்லாத குகை, கோட்டை போன்ற இடங்களில் பெட்டிகளுக்குள் எதையாவது வைத்தால், ஆட்டத்தின் கணக்கில் பத்து நாள்களில், நீங்கள் முற்றிலும் வென்று முடித்த இடமென்றால் முப்பது நாள்களில், அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பிப் பெட்டியும் புதிதாகிவிடும். சொந்த வீட்டுப் பெட்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொன்று: சில வீடுகளில் கவசம் மாட்டிவைக்க நிற்கும் உடைபொம்மைகள் உள்ளபடியே அசையாமல் நிறுத்தப்பட்ட பாத்திரங்கள்தான். அதனால்தான் எப்போதாவது அவை இடம்மாறி நின்று உங்கள் நெஞ்சை ஒரு கணம் நிறுத்துகின்றன. உங்கள் வீட்டில் பேய் இல்லை.

கேள்வி: நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியும் முதன்மைக் கதையின் கடைசிக் கட்டத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறேன். முடித்தால் உலகம் போய்விடும் என்று பயம். இது சிறுபிள்ளைத்தனமா?

பதில்: பயத்துக்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2008-இல் ஃபால்அவுட் 3 வந்தபோது கதை முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. சுற்றித் திரிய வழியில்லை. எதிர்ப்பு எழுந்தபின், 2009-இல் வந்த புரோக்கன் ஸ்டீல் என்னும் இணைப்புதான் கதைக்குப் பிறகும் தொடர அனுமதித்து, லெவல் உச்சத்தை 20-இலிருந்து 30-ஆக உயர்த்தியது. நியூ வேகாஸில் இன்றுவரை அந்தக் கதவு திறக்கவில்லை. கடைசிப் போருக்கு முன்பே, இனித் திரும்ப முடியாது என்று எச்சரித்துவிடுகிறார்கள். பிரெத் ஆஃப் தி வைல்டில் இறுதிச் சண்டையை வென்றாலும் அதற்கு முந்தைய நிலைக்கே திரும்பி வருவீர்கள். வென்றதற்கு அடையாளம் சேவ் கோப்பின் மேல் ஒரு நட்சத்திரம் மட்டுமே. ஸ்கைரிமில் கதை முடிந்தாலும் உலகம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் விளையாட்டு எந்த வகை என்று பார்த்துப் பயப்படுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு உரையாடலுக்கு முன்பும் சேவ் செய்துகொண்டு, பிடிக்காத பதில் வந்தால் திரும்ப லோடு செய்கிறேன். நண்பர்கள் இதை ஏமாற்று வேலை என்கிறார்கள்.

பதில்: தனியாக ஆடும் ஆட்டத்தில் நீங்கள் யாரை ஏமாற்ற முடியும்? ஆயினும் உங்கள் நண்பர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஃபால்அவுட் 3-இல் ஒருவரைப் பேச்சால் இணங்கவைக்க முயலும்போது வெற்றி வாய்ப்பு சதவீதக் கணக்கில் வரும். பகடை சரியாக விழும்வரை லோடு செய்துகொண்டே இருக்கலாம். நியூ வேகாஸை உருவாக்கியவர்கள் இந்தப் பகடையை எடுத்துவிட்டு, பேச்சுத் திறன் இவ்வளவு இருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி என்று நேரடியாகவே எழுதிக் காட்டினார்கள். லோடு செய்யும் வேலை அங்கே தானாகவே ஒழிந்தது. 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கும் கிங்டம் கம்: டெலிவரன்ஸ் வேறு வழியில் போனது: விரும்பிய இடத்தில் சேவ் செய்ய ஒரு மதுப்புட்டியைக் குடிக்க வேண்டும், அடுத்தடுத்துக் குடித்தால் நாயகனுக்குப் போதை ஏறும்.

மிகவும் நயமான விடை 2015-இல் வந்த விட்சர் 3-இல் இருக்கிறது. காட்டில் மரத்தடியில் சிறைப்பட்டிருக்கும் ஓர் ஆவியை விடுவிப்பதா, அழிப்பதா என்று ஒரு முடிவு எடுக்க வேண்டிவரும். கதையை உடைக்க விரும்பாததால் இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: அந்த முடிவின் விளைவு அங்கேயே தெரிவதில்லை, வெகுநேரம் கழித்து, வேறொரு குடும்பத்தின் வாழ்க்கையில் வந்து விடிகிறது. அப்போது பழைய சேவை லோடு செய்தால் இடையில் ஆடிய மணிக்கணக்கான ஆட்டம் முழுவதும் போய்விடும். உங்கள் பழக்கம் உடனடி விளைவுகளிடம் மட்டும்தான் செல்லுபடியாகும். பிடிக்காத பதில் வந்தாலும் தொடர்வது என்று ஒரே ஒரு குவெஸ்டில் முயன்று பாருங்கள். கெட்டுப்போன கிளைக்கதைகளுக்கும் எழுத்தாளர்கள் உழைத்துத்தான் வசனம் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: யாரையும் கொல்லாமல் ஆட விரும்புகிறேன். மூலிகை பறித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தால் போதும். எந்த விளையாட்டு இதை அனுமதிக்கும்?

பதில்: நியூ வேகாஸ் அனுமதிக்கும். பேச்சாலும் பதுங்கிப் போவதாலும் ஓர் உயிரைக்கூடக் கொல்லாமல் கதையை முடிக்கலாம். ஸ்கைரிமில் மாயவித்தைப் பிரிவில் எதிரிகளைச் சாந்தப்படுத்தும் மந்திரங்கள் உள்ளன. ஆனால் தொடக்க நிலை மந்திரத்துக்கு வலிமையான எதிரிகள் அடங்க மாட்டார்கள் என்பதால் முதல் சில மணி நேரம் உங்கள் அகிம்சை பெரும்பாலும் ஓட்டமாகவே இருக்கும்.

உங்கள் கொள்கைக்குப் பெரிய உதாரணம் பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இருக்கிறது. அதில் பாண்டா இனத்துப் பாத்திரங்கள் வாண்டரிங் ஐல் என்னும் தீவில் பிறந்து, தீவைவிட்டுக் கிளம்பும்போது இரண்டு படைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரர் எந்தப் படையிலும் சேர மறுத்து, தொடக்கத் தீவிலேயே தங்கி, மூலிகை பறித்தும் தாது வெட்டியும் மட்டுமே அக்காலத்து உச்ச லெவலான 90-ஐ எட்டினார். எந்தப் பக்கமும் சேராமல் இருக்கும் உரிமைக்காக அவர் பறித்த பூக்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கேள்வி: ஆப்லிவியன் ஆடும்போது பக்கத்தில் நோட்டுப் புத்தகம் வைத்து, எந்தத் திறன் எத்தனை முறை ஏறியது என்று எழுதிக்கொண்டே ஆடினேன். ஆட்டம் கணக்குப் பாடமாகிவிட்டது. குறை என்னுடையதா?

பதில்: குறை உங்களுடையது இல்லை. பழைய ஆப்லிவியனில் முக்கியத் திறன்கள் பத்து முறை ஏறினால் ஒரு லெவல் கூடும். அந்த இடைவெளியில் எந்தத் திறன்களை வளர்த்தீர்கள் என்பதைப் பொறுத்து உடல்வலிமை போன்ற பண்புகளுக்கு அதிகபட்சம் ஐந்து புள்ளிவரை சேரும். எதிரிகளும் உங்களோடு சேர்ந்தே வளர்வார்கள்; பிற்காலத்தில் வழிப்பறிக்காரன்கூட விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து நிற்பான். ஆகவே கணக்கில்லாமல் லெவல் ஏறியவர் எதிரிகளைவிடப் பலவீனமாகிப்போனார். அடிக்கடி பயன்படுத்தும் திறன்களை முக்கியத் திறன்களாகத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்ற தலைகீழ் நிலை அதனால்தான் வந்தது. வாள்வீரனாக விரும்புகிறவர் வாளை முக்கியமாகக் கொள்ளக் கூடாதாம்!

2025 ஏப்ரலில் வந்த புதுப்பிக்கப்பட்ட பதிப்பில், ஒவ்வொரு லெவலுக்கும் 12 புள்ளிகளைக் கொடுத்து விரும்பியபடி பகிர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். நோட்டுப் புத்தகத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆடும்போது துணையாக வரும் பாத்திரத்திடம் வாய்விட்டுப் பேசுகிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பதில்: 1936-இல் பிறந்த ஷெர்லி கரி என்னும் அமெரிக்கப் பாட்டி, ஸ்கைரிமில் தன் பாத்திரத்துக்குக் கதை கற்பித்து, பேசிக்கொண்டே ஆடி, அந்தப் பதிவுகளை யூடியூபில் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். அவரைத் தொடரின் அடுத்த பாகத்தில் ஒரு பாத்திரமாகச் சேர்ப்பதாக 2019-இல் பெதஸ்டா அறிவித்தது. பேரப்பிள்ளைகளை அவருடைய பதிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பேச்சை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: பிரெத் ஆஃப் தி வைல்டில் உலகெங்கும் ஒளித்துவைக்கப்பட்ட 900 கொரோக் விதைகளையும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். பரிசு என்ன?

பதில்: பையின் இடங்கள் எல்லாவற்றையும் பெருக்க 441 விதைகளே போதும். மீதியையும் சேர்த்தால் உருவாக்கியவர்கள் உங்களைக் கேலி செய்யும் ஒரு பொருள் கிடைக்கும். அதன் வடிவத்தை இந்தப் பக்கத்தில் எழுத ஆசிரியர் அனுமதிக்க மாட்டார்.

கேள்வி: விட்சர் 3-இல் முதல் ஊரிலேயே பசுக்களைக் கொன்று தோலை விற்று, தியானத்தில் அமர்ந்து எழுந்து, மீண்டும் கொன்று பணம் சேர்த்தேன். திடீரென்று ஒரு பூதம் வந்து என்னைக் கிழித்துவிட்டது. பிழையா?

பதில்: பிழை இல்லை, அது உங்களுக்காகவே அனுப்பப்பட்டது. உங்களைப் போலவே பலர் அந்த முதல் ஊரான வைட் ஆர்ச்சர்டின் பசுக்களை வைத்துச் செல்வம் சேர்ப்பதைக் கண்ட தயாரிப்பாளர்கள், அதைத் தடை செய்யாமல், அளவு மீறினால் சோர்ட் என்னும் உயர்நிலை அரக்கன் வந்து இறங்கும்படி ஒரு திருத்தத்தில் சேர்த்தார்கள். பணம்தான் வேண்டும் என்றால் மற்ற தொழில்களைப் பாருங்கள். பசுவை விட மனமில்லை என்றால், லெவல் போதுமான அளவு ஏறியபின் அதே மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பி வாருங்கள், சோர்டையும் கொல்லலாம்.